சும்மா இருக்க ஒரு நிகழ்ச்சி நிரல்

திட்டம் போடாமல் செய்த காரியம் சொதப்பினால் 'நேரம் சரியில்லை' என்று சொல்லித் தப்பித்துவிடலாம். திட்டம் போட்டுச் சொதப்பினால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். சுவரில் சார்ட் பேப்பரில், ஸ்கெட்ச் பேனாவில், நம் கையெழுத்திலேயே சாட்சி தொங்கிக்கொண்டிருக்கும்.

நான் அப்போது ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், உத்தனப்பள்ளிக்குச் சற்று முன்னால், ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன். (வார்டன் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சாவிக்கொத்தும் தண்ணீர் மோட்டார் ஸ்விட்சும் சாம்பாருக்கு வரும் திட்டும் என் பொறுப்பு. படிப்பு பத்தாவது. மீதியெல்லாம் நாலு பேர் பேசுவதை வாய் பார்த்துக் கற்றது.) தங்கியிருந்தவர்கள் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள். மூன்று ஷிப்ட். ஒருத்தி எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவள் அதே கட்டிலில் வந்து விழுவாள்.

மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரு ஹால் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கீழே ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்கள். பனி இறங்கும் நேரத்தில் அவை, யாரோ மேகங்களைப் பிடித்து வரிசையாகக் கட்டிப்போட்டது போலத் தெரியும். அதற்கும் அப்பால் மலைகள், இருக்கின்றனவா இல்லையா என்று சந்தேகப்படும்படி. வேலை முடிந்து வரும் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கொஞ்ச நேரத்தை அனுபவிப்பார்கள். அவர்களுக்கென்று இருந்த ஒரே இடம் அது.

அதில்தான், ரோஜாப் பண்ணையும் வைத்திருந்த ஓனர் முனிரெட்டி, வாடகைக்கு விட இன்னும் கட்டில் போடப்போவதாகச் சொன்னார்.

"புள்ளைங்க உக்கார ஒரு இடம் வேணாமாங்க?" என்றேன்.

"உக்காரதுக்கு எதுக்கு கலாம்மா ஹாலு? கட்டில் மேலயே உக்காரலாமே."

நான் உடனே ஒரு பொய் சொன்னேன். அங்கே பெண்கள் குழு ஒன்று நடக்கிறது, நல்ல பண்புகளை வளர்க்கிற குழு என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி, ஞாயித்துக்கெழமை நானே வந்து பாக்கறேன். உருப்படியா ஏதாவது நடந்தா ஹால் உங்களுக்கு. இல்லைன்னா திங்கக்கெழமை கட்டில் வண்டி வரும்."

இல்லாத குழுவுக்கு நிகழ்ச்சி தயாரிக்க வேண்டும். எனக்குக் கைகொடுத்தவர் ரேச்சல் மேடம். தானேயிலிருந்து ஒரு கம்பெனிக்குப் பயிற்சி கொடுக்க வந்து, எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்த சின்னப் பெண். வந்த அன்றே, ஹாஸ்டல் பெண்களில் ஒருத்தியான வாணியம்பாடி ஜபீன் என்னிடம் கேட்டுவிட்டாள், "ரேச்சல்னா கிறிஸ்டியனாக்கா?" என்று. இல்லை, யூதர். நாங்கள் யாரும் அதற்கு முன் யூதர் ஒருவரைப் பார்த்ததில்லை. அவர் முன்னோர்கள் கொங்கணக் கரையில் செக்கு ஓட்டியவர்களாம். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது என்பதால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே கூப்பிட்டார்களாம். எனக்கு அந்தப் பேரே பிடித்துப்போயிற்று.

மேடம் அவர்கள் ஊரில் யூதப் பெண் பிள்ளைகளுக்கான குழு ஒன்றை நடத்தியவர். அவர் இந்தியில் விளக்குவார், ஜபீன் தமிழில் சொல்வாள். மேடம் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசியதை ஜபீன் இப்படி முடித்தாள்:

"மொதல்ல எதுக்குன்னு முடிவு பண்ணணுமாம். அப்புறம் என்னன்னு முடிவு பண்ணணுமாம். பொண்ணுங்கதான் முடிவு பண்ணணுமாம். பெரியவங்க சாவிய மட்டும் வச்சிக்கணுமாம்."

"அவ்ளோ நேரம் பேசினாங்களே?"

"மிச்சமெல்லாம் உதாரணம்க்கா."

அப்படியே செய்தோம். எந்தப் பண்பை வைத்து நிகழ்ச்சி என்று எல்லோரும் உட்கார்ந்து யோசித்தோம். தைரியம் என்றாள் ஒருத்தி. சிக்கனம் என்றாள் இன்னொருத்தி. நான் சுத்தம் என்றேன். (பாத்ரூம் ஞாபகம்.) நைட் ஷிப்ட் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு தூணில் சாய்ந்திருந்த தென்காசிப் பேச்சி, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"உறக்கம்னு போடுங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜபீன் அதை இந்தியில் சொன்னதும் ரேச்சல் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. ஓய்வுதான் அவர்கள் குழுவிலும் முதல் பண்பாம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமைத்து, விளக்கேற்றி, எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை முழுக்க யாரும் வேலை செய்யவும் கூடாது, பிறரை ஏவவும் கூடாது. அன்றைக்கு உலகம் நாம் இல்லாமலே ஓடும், ஓடட்டும்.

அதைக் கேட்ட பெண்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. கடலைப் பற்றிக் கேள்விப்படும் மலையூர்க்காரர்கள் போல இருந்தார்கள்.

திட்டம் மளமளவென்று உருவாகிச் சார்ட்டில் ஏறியது. சாப்பாடு முன்கூட்டியே. போன்களெல்லாம் ஒரு பக்கெட்டில். நிகழ்ச்சி முடியும்வரை யாரும் யாரிடமும் 'எழுந்திரு' என்று சொல்லக் கூடாது. வரவேற்புரை நான். பிறகு ஜபீன் பேச்சு, பாட்டு, குட்டி நாடகம், நன்றியுரை. எல்லாம் பெண்களே யோசித்தது. ஒரே ஒரு வரியை மட்டும் நான் சேர்த்தேன். வரவேற்புரைக்கும் ஜபீன் பேச்சுக்கும் நடுவே, 'எல்லோரும் சிறிது நேரம் கண்ணை மூடி அமைதியாக இருத்தல்.'

(அறிவு.)

அந்த வாரம் பயிற்சி முடிந்து ரேச்சல் மேடம் ஊருக்குப் போய்விட்டார். நான் வாரம் முழுக்கக் கனவில் மிதந்தேன். ஓனர் கண்கலங்கி எழுந்து நிற்கிறார், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பொன்னாடை போர்த்துகிறார். மோட்டாரை நிறுத்த மறந்து இரண்டு தரம் தொட்டி வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூறல். ஓசூர்க் குளிர் ஸ்வெட்டருக்குள் கைவிட்டுப் பார்த்தது. எலுமிச்சை சாதம், தாளித்த தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டாயிற்று. முனிரெட்டி வெள்ளைச் சட்டையில் வந்து, ஹாலில் இருந்த ஒரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். அவர் மனைவி சரோஜம்மா பெண்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டார். போனைப் பக்கெட்டில் போடச் சொன்னதும் ஓனர், பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். பிறகு போட்டார்.

நான் ஆரம்பித்தேன். "இங்கே வருகை தந்திருக்கும் பெரியோர்களே, என் அன்புத் தங்கைகளே." ஓய்வின் அருமையைப் பற்றி, எழுதி மனப்பாடம் செய்ததை ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டே போனேன். தகரத்தின் மேல் தூறலும் அதே தாளத்தில் விழுந்தது. "இப்போது எல்லோரும் கண்களை மூடுவோம்" என்றேன்.

மூடினார்கள்.

முதலில் பேச்சியின் தலை பக்கத்துத் தோளில் இறங்கியது. அந்தத் தோள் அதற்கடுத்த மடியில் இறங்கியது. காற்றுப் போன கூடாரம்போல வரிசை வரிசையாக எல்லோரும் அடங்கினார்கள். விடியலுக்கு முன் எழுந்தவர்கள், ராத்திரி முழுக்க நின்றவர்கள், அரைத் தூக்கத்தில் வேலைக்குப் போய் அரைத் தூக்கத்தில் திரும்புகிறவர்கள். ஜன்னல் வழியே பனி உள்ளே எட்டிப் பார்த்தது. ஆகா, எவ்வளவு ஆழ்ந்து அமைதியாக இருக்கிறார்கள் என்று பூரித்தேன். அப்போது குறட்டை கேட்டது.

ஜபீனைப் பார்த்தேன். பேச வேண்டியவள், கையில் குறிப்போடு சுவரோரம் சரிந்து கிடந்தாள். எழுப்பலாம் என்றால் சார்ட்டில் கூடாது என்று எழுதியிருக்கிறது. என்ன செய்வது என்று யோசிக்க ஒரு நிமிடம் பாயில் உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நிகழ்ச்சி பிரமாதமாக நடந்தது. ஜபீன் பேசினாள், பேச்சி பாடினாள், கூரையிலிருந்து ரோஜா கொட்டியது, ஓனர் எழுந்து நின்று கை தட்டினார். கைதட்டல் ஓயவே இல்லை. இவ்வளவு நேரமா தட்டுவார்கள் என்று கூச்சத்தோடு கண்ணைத் திறந்தேன். தகரத்தின் மேல் நல்ல மழை.

ஹால் இருட்டிக்கொண்டு வந்தது. போன் பக்கெட் தேனீக் கூடு மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. முனிரெட்டி ஜன்னல் கம்பியில் கன்னத்தைப் பதித்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருந்தது சரோஜம்மா மட்டும். குண்டானை மடியில் வைத்து மிச்சத் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

ஆனால் ஓனர் விழித்துவிட்டார். பக்கெட்டில் கைவிட்டு யார் யாருடைய போனையோ எடுத்துப் பார்த்து, கடைசியில் தன்னுடையதைக் கண்டுபிடித்தார். பெங்களூர் போக வேண்டிய அவருடைய ரோஜா வண்டி கிளம்பவில்லை. பில் அவர் சட்டைப் பையில் இருந்தது.

"ஏமம்மா இது?" தெலுங்கும் தமிழும் கலந்து கத்தினார். சத்தத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "பண்பு வளக்கற குழுன்னு சொன்னே. எல்லாம் தூங்கறீங்க. தூங்கறதுக்குத்தானே இந்த ஹாலு? அப்ப கட்டில் போட்டா என்னா தப்பு? நாளைக்கே வண்டி வரும்."

அவர் பக்கத்து வாதத்தை நானே திட்டம் போட்டு, சமைத்து, பாய் விரித்து நிரூபித்துக் கொடுத்திருந்தேன். பேச்சி அழுகிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

ஜபீன்தான் கொட்டாவியோடு சொன்னாள், "நீங்களும்தான தூங்குனீங்க ஓனர். ஒங்க கட்டிலுக்கு வாடகை யாரு குடுக்கறது?"

சரோஜம்மா சிரித்ததில் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க, நம்ம வூட்ல தேக்குக் கட்டில் கெடக்குது. மெத்தை கெடக்குது. ஏசி கெடக்குது. இந்தப் பண்ணை ஆரம்பிச்ச நாளா ஒரு ராத்திரி நீங்க கண்ண மூடுனீங்களா? நீங்களும் தூங்கறதில்ல, என்னையும் தூங்க வுடறதில்ல. கட்டில்ல வராத தூக்கம் இங்க பிளாஸ்டிக் சேர்ல வந்துச்சு. அந்தக் கட்டிலக் கொண்டாந்து இங்கயும் போட்டு இதையும் கெடுக்கப் போறீங்களா?"

முனிரெட்டி பதில் சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவிதான் வந்தது. கன்னத்தில் ஜன்னல் கம்பித் தடத்தோடு படி இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை முழுக்கச் சாலையில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் ஜன்னலில் போய் எட்டிப் பார்த்தேன். வண்டி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓனரின் கார் வந்து நின்றது. போச்சு, ஹாலை அளக்க வருகிறார் என்று சாவியோடு கீழே ஓடினேன். சரோஜம்மா தூக்குப்போசியோடு இறங்கினார். அவர் பின்னால் முனிரெட்டி, யார் முகத்தையும் பார்க்காமல், அக்குளில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

ரேச்சல் மேடத்துக்குப் போன் போட்டு, என் மானம் போன கதையைச் சொன்னேன். ஜபீன்தான் நடுவில். அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு. "அவங்க குழுவுல சனிக்கிழமைன்னா ஓய்வப் பத்தி சண்டைதான் நடக்குமாம். ஒரு தடவகூட இப்டி உருப்படியா யாரும் ஓய்வு எடுத்ததில்லையாம்" என்றாள் ஜபீன்.

இப்போது அந்த ஹாஸ்டலுக்கு வேறு வார்டன். ஹால் இன்னும் பெண்களுக்குத்தான். எங்கள் வீட்டில் மட்டும் அந்த வரவேற்புரை முடிந்தபாடில்லை. என் வீட்டுக்காரர் டிவி முன்னால் தலை தொங்கினால், "யாரு, கலா பேசிட்டாளா?" என்று மைத்துனர் கேட்பார். கல்யாணமாகி ஜூஜுவாடியில் இருக்கும் மகள், குழந்தை அடம்பிடிக்கும் நாட்களில் போன் செய்வாள்.

"அம்மா, பாப்பா தூங்கவே மாட்டேங்குறா. ஸ்பீக்கர்ல போடறேன், கொஞ்சம் வரவேற்புரை குடேன்."

நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கொடுப்பேன். 'இங்கே வருகை தந்திருக்கும் பெரியோர்களே' என்பதைத் தாண்டிப் போக இதுவரை அவசியம் வந்ததில்லை.