பேரீச்சம்பழத்துக்குப் போன தெப்பம்

என் பெண் செய்த தெப்பத்தைப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியவன் நான். குப்பை என்று நினைத்துத் தெரியாமல் போட்டுவிட்டேன் என்றுதான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தெரிந்தேதான் போட்டேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் கல்லூரி ஒன்றில் பிசிக்ஸ் விரிவுரையாளர். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் அதிகம் இல்லை என்று நம்பிய வயது. (இப்போது மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே தெரிவதில்லை.)

என் மனைவி கமலா எந்த பிளாஸ்டிக் டப்பாவையும் தூக்கிப் போட மாட்டாள். தேங்காய் எண்ணெய் டப்பா, ஐஸ்கிரீம் கப், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி, காமிராவிலிருந்து எடுத்த பிலிம் ரோல் டப்பி, கழுவிக் காய வைத்த பால் கவர் எல்லாம் பரண் மேல் ஒரு சாக்கில் சேரும். நவராத்திரிக்கு முன் காலாண்டு விடுமுறை வந்ததும் சாக்கு கீழே இறங்கும். அம்மாவும் பெண்ணும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கொலுவுக்குப் பார்க் செய்வார்கள். ஷாம்பூ பாட்டிலை வெட்டி அன்னப்பறவை, பால் கவரைக் கத்தரித்துத் தோரணம், பேனா மூடியில் தெருவிளக்கு.

அந்த வருஷம் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த வித்யா, தெப்பம் செய்தாள். சோப்பு டப்பா அடித்தளம். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாக்கள் தூண்கள். பெரியதிலிருந்து சிறியது வரை மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கோபுரம், உச்சியில் கண் மருந்துச் சீசாவின் மூக்கு கலசம். மிதப்பதற்கு அடியில் பிலிம் டப்பிகள். உள்ளே, மாட வீதியில் வாங்கிய கட்டைவிரல் அளவு மண் பொம்மைகள், சுவாமியும் அம்பாளும். தைப்பூசத்துக்குக் குளத்தில் விடுகிற தெப்பத்தைப் பார்த்துப் பார்த்து மனதிலேயே அளவெடுத்திருக்கிறாள். பாத்ரூம் வாளியில் அது மிதந்தபோது, "அப்பா, வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தபோது என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். கோபுரத்தின் இரண்டாம் நிலையில், எண்ணெய்க் கம்பெனியின் பெயர் பச்சை எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள், சனிக்கிழமை, எங்கள் பிரின்சிபாலின் மனைவி கொலுவுக்கு வருவதாக இருந்தார். அவர்கள் வீட்டுக் கொலுவை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் மரப்பாச்சியும் சந்தனக்கட்டையும். அந்த அம்மாள் எங்கள் கூடத்துக்கு வந்து எண்ணெய் மூடியைப் படிப்பதை நினைத்து எனக்கு வியர்த்தது. கமலாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கொழந்தை பண்ணினதை வெக்காம, பின்ன உங்க பிசிக்ஸ் புஸ்தகத்தையா வெக்கறது?" என்றாள்.

அன்று சாயங்காலம் இருவரும் குங்குமச்சிமிழோடு அக்கம்பக்கத்தை அழைக்கப் போனார்கள். வித்யா தெப்பத்தைப் பசை காய்வதற்காக பால்கனியில் வைத்திருந்தாள். கீழே தெருவில், "பழைய பிளாஸ்டிக், இரும்பு, ஈயம், பேரீச்சம்பழம்" என்று குரல் வந்தது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

தெப்பத்துக்குள்ளிருந்த சுவாமியையும் அம்பாளையும் எடுத்து, கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் ஜாக்கிரதையாக வைத்தேன். (எவ்வளவு அக்கிரமம் பண்ணினாலும் சாமியைக் குப்பையில் போடும் துணிச்சல் எனக்குக் கிடையாது.) தெப்பத்தைச் சாக்கில் மீதியிருந்த டப்பாக்களோடு சேர்த்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். செய்தித்தாளில் மடித்த பேரீச்சம்பழப் பொட்டலம் கைக்கு வந்தது.

அதை ஒளித்து வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத மேதை நான். சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பினேன்.

வித்யாதான் முதலில் வந்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நம்மாத்துல ஏதுப்பா பேரீச்சம்பழம்?"

நான் விடைத்தாளின் மேல் குனிந்துகொண்டேன். அவள் மென்றுகொண்டே பால்கனிக்குப் போனாள். மெல்வது நின்றது. திரும்பி வந்து கொட்டையை உள்ளங்கையில் எடுத்து, மேஜை ஓரத்தில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியாவது தப்பித்திருப்பேன்.

"அடடா, அந்த டப்பாவெல்லாமா? குப்பைன்னு நெனச்சுட்டேனே" என்றேன். கமலா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். லஸ் பக்கம் ஒரு டீக்கடை ஓரத்தில் பேரீச்சம்பழக்காரனின் வண்டி நின்றது. சாக்கின் மேல் என் பெண்ணின் தெப்பம் சப்பையாகக் கிடந்தது.

"மிதிச்சாத்தான் சார் வண்டில எடம் கீது" என்றான் அவன். "இன்னா சார், பழம் நல்லால்லியா?"

பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்றேன். பழத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் என்றான். பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"பிரிச்சுக்கினு கீது. துன்ட்டியா?"

"என் பொண்ணு ஒண்ணு சாப்பிட்டுட்டா. இது அவ பண்ணினது."

அவன் பொட்டலத்தை வண்டியில் வைத்தான். பிறகு, "இத்த மின்னாடியே சொல்லிருக்கலாம்ல நைனா" என்றபடி, உதிர்ந்துபோயிருந்த கலசத்தைத் தேடி எடுக்கச் சாக்கையே கவிழ்த்தான். ஆபீஸ் விட்டு வருகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு விரிவுரையாளர் நடைபாதையில் மண்டியிட்டு மூடி பொறுக்கினார்.

ராத்திரிக்குள் நானே சரிசெய்து தருகிறேன் என்று வித்யாவிடம் வாக்குக் கொடுத்தேன். பிளாஸ்டிக்கை ஒட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. மெழுகுவர்த்தியில் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டதில் சோப்பு டப்பாவை விட என் விரலில்தான் ஓட்டை அதிகம். நசுங்கிய மூடிக்குப் பதிலாகக் கமலாவின் உப்பு ஜாடி மூடியை எடுத்தேன். (அந்த நவராத்திரி முழுக்க உப்பு கசிந்தது.) பிலிம் டப்பி ஒன்றுக்குள் மணல் இருந்தது. நடைபாதை அழுக்கு என்று கொட்டி, சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்தேன்.

சனிக்கிழமை பிரின்சிபாலின் மனைவி வந்தார். பட்டுப்புடவை சரசரக்கக் கொலுவைப் பார்த்தார். படிகளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். வித்யா சுவாமியையும் அம்பாளையும் உள்ளே வைக்க, நான் தெப்பத்தை இறக்கினேன். அது ஒரு கணம் நிமிர்ந்து நின்றது. பிறகு பிரின்சிபால் வீட்டு அம்மாளுக்கு வணக்கம் சொல்வதுபோல் அவர் பக்கம் சாய்ந்து, குப்புற விழுந்து, முங்கியது.

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார் பிசிக்ஸ்தானே?"

வித்யா கையை விட்டுச் சுவாமியைத் தூக்கினாள். பாவாடையில் துடைத்தபடி கேட்டாள்.

"அடி டப்பில மணல் போட்டிருந்தேனேப்பா. அடி கனமா இருந்தாத்தானே சாயாது. கொட்டிட்டியா?"

கொட்டிவிட்டேன் என்றேன். அந்த அம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கமலாவின் கோலமாவு டப்பாவைக் கேட்டு வாங்கி, தம் கையாலேயே பிலிம் டப்பியை நிரப்பினார். தெப்பம் நின்றது. எண்ணெய் மூடியை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

திங்கட்கிழமைக்குள் விஷயம் கல்லூரிக்குப் போய்விட்டது. ஓய்வு பெறும் நாள்வரை எனக்குப் பெயர் 'தெப்பம் சார்'. தலை நரைத்துப்போன பழைய மாணவர் ஒருவர் போன மாதம் பாண்டி பஜாரில் அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்தத் தெப்பம் இன்று வித்யாவின் அடையாறு வீட்டில் இருக்கிறது. அவளும் அவள் பெண்ணும் விடுமுறையில் தண்ணீர் பாட்டில்களை வெட்டிக் கூடத்தைக் குப்பையாக்குகிறார்கள். எனக்குக் கத்தரிக்கோல் தருவதில்லை, ஒட்டியதைப் பிடித்துக்கொண்டிருக்கும் உத்தியோகம் மட்டும் உண்டு. சென்ற நவராத்திரிக்கு அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இனிமேலும் சுமக்க முடியாமல் சொல்லிவிட்டேன். குப்பை என்று நினைக்கவில்லை, தெரிந்துதான் போட்டேன் என்று.

வித்யா நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்ப்பா."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. சாமியை எடுத்துப் படில வெச்சிருந்தியே. குப்பைன்னு நெனச்சவன் உள்ள சாமி இருக்கான்னு பாப்பானா?"

ஏன் இத்தனை வருஷம் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேக்கலாம்னுதான் வந்தேன். நீ விரலெல்லாம் சுட்டுண்டு ஒட்டிண்டிருந்தே. பாவமா இருந்தது."

அடுப்பங்கரையிலிருந்த கமலா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அன்று முதல் எங்கள் வீட்டிலும் சரி, வித்யா வீட்டிலும் சரி, ஒரு காலி டப்பாவைக்கூட நான் நிம்மதியாகத் தூக்கிப் போட முடிவதில்லை. கை குப்பைக்கூடைப் பக்கம் போனால் போதும், எந்த அறையில் இருந்தாலும் அவளோ பெண்ணோ பேத்தியோ குரல் கொடுக்கிறார்கள்:

"சாமியை எடுத்தாச்சா?"