சம்பந்தி மறந்துவிட்டுப் போன சித்திரக்கதை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் தாங்கள் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போன பிறகு, அந்த அறையின் ஜன்னலோரம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் கிடந்தது. கெட்டி அட்டை, மழுங்கிய மூலைகள், கறுப்பு வெள்ளைப் படங்கள். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் பொம்மைப் புத்தகம் படிப்பாரா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மாமனார் இப்போதெல்லாம் எப்படி இருக்கிறார், பேச்சில் ஏதும் மாற்றம் தெரிகிறதா என்று சுற்றிவளைத்து விசாரித்தேன். இதை அவள் தங்களிடம் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். சொல்லவில்லை என்றால் இப்போது நானே சொல்லிவிட்டேன்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று கையில் எடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஒரு பெரிய வீட்டில் முத்துமாலை காணாமல் போகிறது, துப்பறிபவர் வருகிறார், சமையல்காரர் முதல் பாட்டு வாத்தியார் வரை எல்லாரையும் விசாரிக்கிறார், புத்தகம் முடிந்துவிடுகிறது. திருடியது யார் என்று ஒரு வரிகூட இல்லை. நடுவே பதினோரு பக்கங்களில் எழுத்தே இல்லாததால் அவற்றைப் புரட்டித் தள்ளிவிட்டேன். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவால் இருபத்திரண்டு இடங்களில் ஒற்றுப் போட்டு, இடி விழும் இடத்தில் 'டமார்' என்பதை 'டமால்' ஆக்கி, கடைசிப் பக்கத்தில் 'முடிவு விடுபட்டுள்ளது, மூலப்படியுடன் ஒப்பிடவும்' என்றும் எழுதிவிட்டேன். அதுவும் தங்கள் புத்தகத்தில்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி அதை வாங்கி, ஒரு மணி நேரம் நிமிரவே இல்லை. பிறகு, "பாட்டு வாத்தியார்தான் எடுத்தாரு" என்றாள். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"எழுதலை. எல்லாரும் வீட்டுக்குள்ளயே இருந்தோம்னு சொல்றாங்க. அவரு குடையில மட்டும் தண்ணி சொட்டுது, பாருங்க."

பார்த்தேன். நாலே நாலு கோடு. அந்த மனிதரின் பொய் அதில் சொட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. முதலிலிருந்து தொடங்கினேன், பக்கத்துக்கு அரை மணி நேரம். பேச்சில்லாத பக்கம் ஒன்றில் வாத்தியார் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஆறு கட்டங்கள், அவர் அசையவே இல்லை, ஜன்னல் வெளிச்சம் மட்டும் கட்டத்துக்கு ஒரு படியாகக் கீழே இறங்குகிறது. ஒரு பகல் முழுக்க அங்கே கழிந்திருக்கிறது. அந்த நேரமெல்லாம் எங்கே போனது என்று கட்டங்களுக்கு நடுவே இருந்த வெள்ளை இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். காகித வாசனைதான் கிடைத்தது; அதுவும் நன்றாகவே இருந்தது.

நாமும் வரைந்து பார்த்தால் என்ன என்று மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, வாசல் மணி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது, கையில் ஆறு விரல் வந்தது. காது மட்டும் ஓரளவு தேறியது. காதுக்குப் பின்னால் ஒரு தழும்பைப் பார்த்து, இது புதிதா என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு" என்றாள்.

முப்பத்தாறு வருடமாக அவள் பேச்சில் பிழை திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன், சம்பந்தி. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அன்றுதான் கேட்டேன். அவள் சொல்லி முடிக்க மாலையாகிவிட்டது.

புத்தகத்தைப் பாழாக்கியதற்கு ஒரு முறையும், தங்கள் ரசனையைக் குறைத்து எடைபோட்டதற்கு இரண்டு முறையும் மன்னியுங்கள். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போடும்போது, தாங்கள் இங்கே இருந்த அன்று அந்த அறைக் குளியலறையில் குழாயைப் பழுது பார்த்தவர் வந்து, தன் சித்திரக்கதையை ஜன்னலோரம் மறந்துவிட்டதாகச் சொன்னார். ஆகவே தங்கள் ரசனையைப் பற்றி மேலே எழுதியதை மரியாதையுடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாங்கள் விட்டுப்போனது ஒரு துண்டு மட்டுமே, தனியே அனுப்புகிறேன். குழாய்க்காரர் என் சிவப்பு மையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இடி 'டமார்'னுதான் சார் விழும்" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் பாகமும் அவரிடம் இருக்கிறதாம், அடுத்து வேலைக்கு வரும்போது எடுத்துவருவாராம். வீட்டில் இப்போது எந்தக் குழாயும் ஒழுகவில்லை. ஸ்பானரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.