மேஜர் மாமா இரண்டாம் முறை தப்பித்த கதை

அளவுக்கு மிஞ்சிய மரியாதை ஆளைக் கவிழ்த்துவிடும். நான் கவிழ்ந்தது உலு திராம் போகும் வழியில்.

சுகந்தியை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் அப்பா இன்னும் வாய் திறக்காத நேரம். அவர் ஓய்வுபெற்ற மேஜர். போரில் பிடிபட்டு, எதிரி முகாமின் கூரையைப் பிரித்துத் தப்பி, காடு கடந்து வந்து பதக்கம் வாங்கியவர். உலு திராம் மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. தெப்ராவ் வீட்டிலிருந்து அவரை அழைத்துப் போகும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதேதான்.)

கார் என் அக்காவுடையது. மாமா முன் கதவைத் திறந்தார்.

“பின்னால உட்காருங்க மாமா. முன்னால உட்கார வச்சா மரியாதையா இருக்காது.”

வழியில் மாலை வாங்க நிறுத்தினேன். பூக்கடையில் அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பதக்கங்களோடு பெரியவர் தனியாக இருக்கிறாரே என்று பயந்து, காரைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். அக்கா தன் பிள்ளைகளுக்காகப் பின் கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி வைத்திருந்தது எனக்கு நினைவே இல்லை.

திரும்பினால் கார் அலறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கதவு திறந்து கிடந்தது. பின் இருக்கை காலி. கியரில் ஒரு பதக்கம் தொங்கியது. கடத்திவிட்டார்களா? எங்காவது மயங்கி விழுந்துவிட்டாரா? மாலையும் கையுமாகக் கடை கடையாக ஓடினேன்.

மண்டபத்திலிருந்து சுகந்தி போன் செய்தாள். “அப்பா எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு லா.”

“போனை அவர்கிட்ட கொடுங்க.”

“அவரு... தூங்குறாரு.”

“அப்படியா? இங்க அன்னாசி லாரியிலிருந்து ஒருத்தர் இறங்குறாரு. அப்பா மாதிரியே இருக்காரு.”

நேரம் தவறப் பிடிக்காத மனிதர். இருக்கைகளுக்கு நடுவே ஏறிக் குதித்து, பெக்கான் நானாஸ் தோட்டத்திலிருந்து வந்த அன்னாசி லாரியை மறித்து ஏறியிருக்கிறார்.

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மாமா மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். “நான் ரெண்டு தடவ பிடிபட்டிருக்கேன். முதல் தடவ பிடிச்சவங்க தண்ணியாவது கொடுத்தாங்க. அதோ வர்றாரே, அவரு ஏர்கோனையும் நிறுத்திட்டுப் போயிட்டாரு.”

மண்டபமே சிரித்தது. கல்யாணம் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

மேடையிலிருந்து இறங்கியவரிடம் பதக்கத்தை நீட்டினேன். அவர் பார்த்தது என் கையிலிருந்த மாலையை. பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் மிச்சமிருந்தது.

“என்னைத் தேடியா இப்படி ஓடினீங்க?”

தலையாட்டினேன்.

“என் பொண்ணையாவது முன்னால உட்கார வைங்க, தம்பி,” என்றார். அதுதான் சம்மதம்.

இப்போது என் பிள்ளைகள் தாத்தாவிடம் முகாமிலிருந்து தப்பித்த கதையைக் கேட்பதே இல்லை. அவர்களுக்கு அன்னாசி லாரிக் கதைதான் வேண்டும். மாமா இன்றும் என் காரில் ஏறினால், கதவை உள்ளிருந்து ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவார்.