பனாமாவில் இன்று லீவு இல்லை

உலகத்தில் விடுதலை வாங்கிய அத்தனை நாடுகளுக்காகவும் ஒரே ஆள் கோபப்பட முடியும் என்றால், அது எங்கள் ஜண்டா அண்ணன்தான். ஜண்டா என்றால் கொடி. சொந்தப் பெயர் அவருடைய கேட் பாஸில் மட்டும் இருக்கும். அந்த போட்டோவிலும் முறைத்துக்கொண்டுதான் இருப்பார்.

ராயபுரத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் துறைமுகத்துக்குப் போவோம். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் சரியாமல் இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற கான்ட்ராக்ட் வேலை. ஒவ்வொரு கம்பியையும் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். அப்படியும் தூக்கம் வராது. நடுக்கடலில் ஒரு பெட்டி விழுந்தால் என் பெயர்தான் அடிபடும் என்று பயம். அண்ணனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கப்பலின் பின்பக்கம் பறப்பது எந்த நாட்டுக் கொடி என்று தெரிந்தால் போதும்.

ஹெல்மெட்டுக்குள் ஒரு அட்லஸ் பக்கத்தை மடித்து வைத்திருப்பார். எல்லா நாட்டுக் கொடியும் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் விடுதலை தேதியைப் பேனாவால் எழுதியிருப்பார். அந்தத் தேதியில் அந்தக் கொடியோடு கப்பல் வந்தால் பையில் தேன் மிட்டாய் ரெடி.

ஒரு ஜூலை 26. லைபீரியாக் கொடி. நேராக கேப்டனிடம் போய்க் கை கொடுத்து மிட்டாயை நீட்டினார். கேப்டன் உக்ரைன்காரர். எதற்கு மிட்டாய் என்றே புரியவில்லை. முதலாளி வசதிக்காகக் கப்பலை அங்கே பதிவு செய்திருக்கிறாராம். லைபீரியா பக்கமே இவர் போனதில்லையாம். அண்ணனுக்கு வந்ததே கோபம்.

"இன்னா கேப்டன் நீ? விடுதலை நாளே தெரியாம அவன் கொடிய மட்டும் தூக்கினு ஊர் ஊரா சுத்துற?"

நல்ல வேளை, கேப்டனுக்குத் தமிழ் தெரியாது; நான் கும்பிடுகிற அந்தோணியார்தான் காப்பாற்றினார். பிலிப்பைன்ஸ் சமையல்காரர் மட்டும், எங்களுக்கு ஜூன் 12 என்றார். அண்ணன் அட்லஸை எடுத்துச் சரிபார்த்தார். போன மாதமே வாழ்த்துச் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டு அவருக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

டீக்கடையில் வெள்ளைக்காரன் பேச்சு வந்தால் அண்ணன் கிளாஸைப் பெஞ்சில் டக்கென்று வைப்பார். "ஒருத்தன்கிட்டருந்து இத்தினி நாடு தப்பிச்சு ஓடியிருக்குன்னா, அவன் எப்பேர்ப்பட்ட வூட்டு ஓனரா இருந்திருப்பான்!"

கப்பலில் ஏறிவிட்டால் கொடிக்காரன் நாட்டுச் சட்டம்தான் என்று எவனோ ஒரு மாலுமி சொல்லிவைத்தான். அன்றிலிருந்து, எந்த நாட்டுக் கப்பலோ அந்த நாட்டு விடுதலை நாளில் பத்து நிமிடம் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிடுவார். சூப்பர்வைசர் கத்தினால், இங்கே இன்று லீவு என்பார்.

நம் ஆகஸ்ட் 15 எப்படி என்று கேளுங்கள். கேட்டில் கொடியேற்றுவார்கள். கான்ட்ராக்டர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவார். ஆளுக்கொரு மிட்டாய். எட்டரைக்கு வேலை. நாட்டுக்கே லீவு, எங்களுக்கு மட்டும் இல்லை. எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு வருடம் ஆகஸ்ட் 15 அன்று, ஆறாவது படிக்கிற என் மகள் பள்ளிக்கூடக் கொடியேற்றத்தில் பேசுகிறாள். எட்டாவதோடு நின்றுபோனவன் மகள் மைக் பிடிக்கப்போகிறாள். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். ஒரு ஆள்கூடக் குறையக் கூடாது என்றார். அண்ணன் குறுக்கே வந்தார். அதற்குத்தான் காத்திருந்ததுபோல் சூப்பர்வைசர் சிரித்தார்.

"நீதானய்யா சொன்ன, கப்பல்ல ஏறுனா வேற நாடுன்னு? இது பனாமா கப்பல். பனாமால இன்னிக்கு லீவு இல்ல. ஏறு."

எல்லாரும் சிரித்தார்கள். பயத்தில் நானும் சிரித்தேன். அது இன்னும் எரிகிறது.

அண்ணன் சிரிக்கவில்லை. கப்பல் உச்சியைக் காட்டினார். அங்கே நம் கொடி பறந்தது. எந்த நாட்டுத் துறைமுகத்தில் நிற்கிறார்களோ, அந்த நாட்டுக் கொடியையும் மரியாதைக்கு ஏற்றுவது கப்பல்காரர்கள் வழக்கம்.

"எங்கியோ கீற பனாமாக்காரன் கப்பல்ல நம்ப கொடிக்கு மரியாத கீது. நீ மிட்டாய் குட்த்து வேலைக்குத் தொரத்துற. வெள்ளக்காரன் மிட்டாய் குடுக்காம தொரத்துனான், அவ்ளோதான் வித்தியாசம்."

ஆள் குறையக் கூடாது என்றார் சூப்பர்வைசர் மறுபடி.

"கொறையாது. இவன் கம்பியையும் நானே கட்றேன்." என் பக்கம் திரும்பினார். "நீ போ நைனா. கொயந்த மேடையில ஏறி உன்னத் தேடும்."

ஊரான் விடுதலைக்கெல்லாம் உட்கார்ந்த மனிதர், சொந்த நாட்டு விடுதலை நாளில் இரண்டு ஆள் வேலைக்கு ஏறினார். நான் ஓடினேன். மகள் என்னைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை, அண்ணன் என் கம்பிகளை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாரா என்றும் ஒரு பக்கம் கவலை.

அடுத்த மாதம் அண்ணனுடைய கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. வாய் அதிகமாம். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

இப்போது மாத்தூர் பக்கம் ஒரு கோடவுனில் மூட்டை அடுக்குகிறார். அங்கிருந்து கடல் தெரியாது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் வரும்: "இன்னிக்கு இன்னா கொடி?" மகள் அவசரமாகத் தேடி, அன்றைக்கு எந்த நாட்டுக்கு விடுதலை நாள் என்று காட்டுவாள். அந்த நாட்டுக் கப்பல்தான் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

"மிட்டாய் குட்த்தியா?"

"குடுத்துட்டேண்ணா."

கப்பல்தான் பொய். வந்தது எந்தக் கப்பலாக இருந்தாலும், ஏறி முதலில் பார்க்கிற ஆளுக்கு மிட்டாயைக் கொடுத்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுகிறேன்.