ஸ்வெதோசார் முன்சக்கரம் பூட்டிய படலம்

வாழ்க ஸ்வெதோசார்! பனாத் சமவெளியின் தானியக் களஞ்சியங்கள் தலைநிமிர்ந்து நோக்கும் நெடியோன், தபால் நிலையத்துப் பொதிப்பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் குடையின்றி ஆண்ட கோமான், மீசையின் வலப்பாதி மட்டும் நரைத்த மாவீரன், வலக்கையில் பதின்மூன்றாம் எண் ஸ்பானரும் இடக்கையில் ஆறிப்போன காபியும் ஏந்திய ஏந்தல் வாழ்க! செக் தேசத்தில் வார்க்கப்பட்டு, அவன் முற்றத்தில் முப்பது ஆண்டுகளாகப் புகை கக்கி நிற்கும் மோட்டார் சைக்கிளாம் இரும்புப் புரவியும் வாழ்க! ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனிக்கிழமையன்று அவன் அப்புரவியின் முன்சக்கரத்துக்கு டயர் மாற்றிய கதையை இங்கே சொல்லத் தொடங்குகிறோம். கேட்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், கிரீஸ் தெறிக்கும்.

போருக்குக் காரணம் மண்ணுமன்று, பொன்னுமன்று, ஒரு முட்டை. ஈஸ்டர் விடியலில், தேவாலய மணி ஓய்ந்ததும், மனைவி தெசாங்காவின் பிறந்த ஊரில் உறவு முழுதும் கூடி, சிவப்புச் சாயமேற்றிய அவித்த முட்டைகளை முனையோடு முனை மோதிப் பார்ப்பது வழக்கம். எவன் முட்டை உடையாமல் நிற்கிறதோ அவனை அடுத்த ஈஸ்டர் வரை எல்லா விருந்திலும் எல்லோரும் 'சாம்பியன்' என்றுதான் அழைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக அந்தப் பட்டத்தைத் தாங்கித் திரிபவன் தெசாங்காவின் தம்பி லியூபிசாவ். 'சாம்பியன், உப்பை இப்படித் தள்ளு' என்று தன் வாயாலேயே மைத்துனனிடம் சொல்ல நேர்ந்த ஒவ்வொரு ஞாயிறும் ஸ்வெதோசாரின் நெஞ்சில் நெருஞ்சியாய்த் தைத்தது. அவனுக்கு மனசே விட்டுப்போயிருந்தது.

இத்தனைக்கும் அவன் களத்தில் தோற்றவனல்லன். களத்துக்கே போய்ச் சேராதவன். சந்தையில் நாற்பது, ஐம்பது முட்டைகளை ஒவ்வொன்றாக முன்பல்லில் தட்டி, ஓசையால் உறுதியளந்து, ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, வெங்காயத் தோலில் அவித்துச் சிவப்பேற்றி எடுத்துச் செல்வான். ஊர் எல்லையில் தொடங்கும் கருங்கல் பாவிய பாதையில் அவன் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை விழுங்க வேண்டிய முன்ஃபோர்க் மூங்கில் கழி போல விறைத்து நிற்கும். ஒவ்வொரு கல்லும் கைப்பிடியில் ஏறி, கூடையில் இறங்கி, முட்டையில் மயிரிழைக் கீறலாய் முடியும். மூன்று ஆண்டும் இதே கதைதான்.

பழி ஃபோர்க்கினுடையதன்று. பனாத் சமவெளியில் ஒவ்வொரு செப்டம்பரிலும் சிவப்பு மிளகாய் சுட்டு அரைத்த துவையலை நூற்றைம்பது ஜாடிகளில் அடைத்து மூடி இறுக்குவார்கள். அப்படி இறுக்கிப் பழகிய கைக்கு, எதைக் கண்டாலும் மூச்சடக்கி இறுக்கத்தான் தெரியும். ஸ்வெதோசாரும் ஒவ்வொரு வசந்தத்திலும், அச்சுக்கம்பியைச் செருகிய கையோடு, அதைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கடி போல்ட் இரண்டையும் துவையல் ஜாடியாய் எண்ணி முறுக்கிவிடுவான். கோணலாய்ப் பிடிபட்ட ஃபோர்க் இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். இந்த ஆண்டுதான், அட்டை கிழிந்த கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் இந்த உண்மை அவனுக்குப் புலப்பட்டது.

புது டயர் வியாழனன்றே வந்துவிட்டது. பெரிய வெள்ளியன்று இரும்பைத் தொடுவது பாவம் என்று தெசாங்கா ஸ்பானர் பெட்டியின் மேல் மாவுச் சட்டியை ஏற்றி வைத்துவிட்டாள். ஆகவே சனிக்கிழமை முற்பகல், பிளம் மரங்கள் பூச்சொரிய, கோழிகள் இருமருங்கும் அணிவகுக்க, நடுஸ்டாண்டில் நிமிர்ந்த இரும்புப் புரவியின் முன் நம் வீரன் மண்டியிட்டான். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு இஸ்த்வான் நாற்காலி போட்டு அமர்ந்தான். அவன் கத்தோலிக்கன், அவர்கள் நாட்காட்டிப்படி ஈஸ்டர் முந்தைய ஞாயிறே முடிந்திருந்தது. அவனுக்கு வேறு வேலை இல்லை.

பழைய டயர் வீழ்ந்தது, புதியது அரியணை ஏறியது. பூவிதழ் ஒட்டிய கிரீஸைத் துடைத்து, அச்சுக்கம்பியைச் செருகி, அச்சு நட்டை அளவறிந்து இறுக்கினான். அப்போது, அந்தோ, ஃபோர்க்கடி போல்ட்டுகளின் மேல் அவன் பார்வை விழுந்தது! நூற்றைம்பது ஜாடிகளை வென்ற வலக்கை தானே எழுந்தது, விரல்கள் துடித்தன, தோள் தினவெடுத்தது. எதிரிப் படை எதிரே நின்றிருந்தால் எளிதாயிருந்திருக்கும், இங்கே எதிரி அவனுடைய முழங்கைக்குள்ளேயே இருந்தான். கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு இருபது வரை எண்ணினான்.

எண்ணி முடித்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். போல்ட் இரண்டும் தளர்ந்திருக்க, முன்பிரேக்கைப் பிடித்து, தன் தொண்ணூற்றெட்டுக் கிலோவையும் கைப்பிடியில் சாய்த்து அழுத்தினான், விட்டான், மீண்டும் அழுத்தினான். கோழிகள் சிதறின. இஸ்த்வானுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா ஸ்வெதோ, ரெண்டு போல்ட்ட முறுக்கிட்டு எந்திரிக்க வேண்டியதுதானே? தொட்டில் ஆட்டுற மாதிரி எதுக்குய்யா அத ஆட்டிக்கிட்டு கெடக்குற?"

"ஃபோர்க்கு தன் எடத்த தானே தேடி உக்காரணும், இஸ்த்வான். அப்புறந்தான் போல்ட்டு. இன்னைக்கு இது ஒழுங்கா இறுகுச்சுன்னா, நாளைக்கு அந்தப் பய என்னைய சாம்பியன்னு கூப்பிடுவான். பாத்துக்கிட்டே இரு."

ஏழாம் அழுத்தலில் அற்புதம் நிகழ்ந்தது. 'ஸ்ஸ்' என்றொரு பெருமூச்சுடன் ஃபோர்க் வழுக்கி இறங்கி, மெத்தென்று மேலெழுந்தது. கண்கள் கலங்க, இறுக்கம் போதுமானதும் 'டக்' என்று சொல்லிவிடும், இரவல் வாங்கிய டார்க் ரிஞ்சை ஏந்தினான். முதல் போல்ட்டைக் கொஞ்சம், இரண்டாவதைக் கொஞ்சம், மறுபடி முதலாவதை, மறுபடி இரண்டாவதை என்று, சம்பந்திகள் இருவருக்கும் மாறிமாறிப் பரிமாறுபவனைப் போல் ஓரவஞ்சனையின்றி இறுக்கினான். ரிஞ்ச் 'டக்' என்றது. இன்னும் அரைச் சுற்று, அரையே அரைச் சுற்று என்று வலக்கை கெஞ்சியது. அவன் ரிஞ்சைக் கீழே வைத்தான்.

இனி எஞ்சியது வெள்ளோட்டம். பிரம்புக் கூடையைக் கைப்பிடியில் மாட்டி, ஒற்றைக் கைத்துண்டை விரித்து, அதன்மேல் அந்த ஒப்பற்ற சிவப்பு முட்டையை அவன் வைக்கக் கண்டு, அடுக்களை ஜன்னலில் தெசாங்கா தோன்றினாள்.

"வேற ஏதாவது சாதா முட்டைய வச்சு ஓட்டிப் பாருய்யா. இதுக்கு இன்னொண்ணு கெடையாது, நீதானே பல்லு வலிக்கத் தேடி எடுத்த?"

போருக்கு ஆள் மாற்றி அனுப்பும் வழக்கம் தன் குலத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் கிக்கரை உதைத்தான்.

புழுதி எழுந்தது, நாய்கள் பண்ணிசைத்தன. தேவாலயத்தைச் சுற்றிய கருங்கல் வீதி, பல ஆண்டுகளாகப் பற்பல அச்சுகளை முறித்த அந்தக் கொடிய வீதி, அன்று அவன் சக்கரத்தின் கீழ்க் கம்பளமாய் விரிந்தது. கல்தோறும் ஃபோர்க் குனிந்து வணங்கி எழுந்தது. கூடையில் முட்டை பிறந்த குழந்தையாய்த் தூங்கியது. மூன்று சுற்று வந்தான். மூன்று ஆண்டுப் பழியும் சுற்றுக்கொன்றாய்க் கழன்று விழக் கண்டான். சந்தோஷத்தில் அவன் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதான்.

முற்றத்தில் வந்து நின்றான். எஞ்சினை அணைத்து, கூடைக்குள் குனிந்து, முட்டையை எடுத்துச் சூரியனுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தான். மயிரிழைக் கீறல்கூட இல்லை. அதை மீண்டும் கூடைக்குள் கைத்துண்டின்மேல் கிடத்தினான். வேலியோரம் இஸ்த்வான் நாற்காலியை விட்டு எழுந்து தொப்பியைக் கழற்றினான். ஜன்னலில் தெசாங்கா ஈரக்கையோடு சிரித்தாள். நாளை விடியலில் லியூபிசாவின் வாயிலிருந்து வரப்போகும் அந்த ஒற்றைச் சொல் காதில் தேனாய்ப் பாய, போல்ட் வென்ற புயத்தோன், முழங்கை அடக்கிய முனிவன், பனாத் சமவெளியின் நாளைய சாம்பியன் ஸ்வெதோசார், கைப்பிடியை விட்டுவிட்டு, இருக்கையிலிருந்து கம்பீரமாய் இறங்கி, இரு கைகளையும் வானோக்கி உயர்த்தினான்.

சைடு ஸ்டாண்டு போட மறந்துவிட்டான்.