காணாமல் போன 911 பேர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மிகமிக ரகசியமான பணி. ஆகவே, கடலூர்ப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் ஏழாவது வார்டில் மொத்தம் 714 பேர் என்று ஜோதி மேரி டீச்சர் செல்போனில் ஏற்றிய மறுநாள் காலையிலேயே அது டீக்கடையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

டீச்சர் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கித்தான் எண்ணியிருந்தார். வேலை முடிந்த கையோடு அவர் சிதம்பரம் போக வேண்டும்; லீவும் கேட்டிருந்தார். பிரசவத்துக்கு அதே வார்டிலுள்ள தாய்வீட்டுக்கு வந்த மகள் நித்யா மேரியை அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணைக்கு மருமகன் மட்டும்தான். அவருக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும்.

ஆனால் பேரூராட்சி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், அதிகாரி கார்த்திகேசன் சார் முன்னால் ஆளுங்கட்சி வார்டு செயலாளர் கொளஞ்சியும், எதிர்க்கட்சி வார்டு செயலாளர் இளவரசுவும் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சி கட்டியிருப்பது இளவரசுவின் தங்கச்சியை. மேடையில் எதிரிகள், வீட்டில் மச்சான் முறை.

"வார்டுல எங்க உறுப்பினரே 830 பேரு சார். தலைமைக்கு லிஸ்ட் போயிருக்கு. ஜனமே 714தான்னா என் மானம் என்னாவறது?" என்றார் கொளஞ்சி.

"எங்களுக்கு 795," என்றார் இளவரசு. "மச்சான் கணக்கு எப்படியோ, எங்களுது சுத்தம்."

"ஒரே ஆளு ரெண்டு கட்சியிலயும் இருக்கலாமில்ல?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

தங்கள் ஆள் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார் என்று இருவரும் எழுதியே கொடுத்தார்கள். எழுத்தில் வந்துவிட்டால் அரசாங்கம் நம்பித்தானே ஆக வேண்டும்? சார் கால்குலேட்டரைத் தட்டினார்.

"மொத்தம் 1625. நீங்க எண்ணினது 714. மீதி 911 பேர எங்கம்மா விட்டீங்க?"

"இல்லாதவங்கள எப்படி சார் விட முடியும்?"

"இல்லன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? அத மேலிடம் சொல்லணும். அவுங்க கிடைக்கிற வரைக்கும் லீவு கிடையாது."

டீச்சர் இரண்டு லிஸ்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினார். முதல் வீடு ரத்தினம்மாள் வீடு.

"உங்க வீட்டுல பத்துப் பேருன்னு போட்டிருக்குங்க."

"நாங்க நாலு பேருதானே டீச்சர். அப்ப இத்தினி நாளா ஆறு பேர பட்டினி போட்டிருக்கேனா?"

"பக்கிரின்னு ஒருத்தரு?"

"எங்க மாமனாரு. போயி ஆறு வருசம் ஆவுது. இருந்தவரைக்கும் எந்தக் கட்சியிலயும் சேரல. இப்ப ரெண்டுலயும் சேந்திருக்காரு."

"நீங்க எதுக்கும்மா ரெண்டுலயும் சேந்தீங்க?"

"அவுங்க குடம் குடுத்தாங்க, இவுங்க ஹாட்பாக்ஸ் குடுத்தாங்க. வாசல்ல வந்து நிக்கிறவங்கள வேணாம்னு அனுப்பறதா?"

தெரு முழுக்க அதே குடம், அதே ஹாட்பாக்ஸ். மதியம் நித்யா போன் செய்தாள். "வலி எடுத்துடுச்சிம்மா. எப்ப வருவ?"

டீச்சர் மாதாவை நினைத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போய் லிஸ்டைப் பிரித்து வைத்தார். எதிர்க்கட்சி லிஸ்டில் கொளஞ்சி இருந்தார். ஆளுங்கட்சி லிஸ்டில் இளவரசு இருந்தார்.

"எல்லாம் உன் தங்கச்சி வேலை மச்சான்," என்றார் கொளஞ்சி. "ஹாட்பாக்ஸ்னா உசுர விடுவா."

"ரெண்டுலயும் கார்த்திகேசன்னு ஒருத்தரு இருக்காருங்க சார்."

"அந்தப் பேருல ஆயிரம் பேரு இருப்பாங்கம்மா."

"போன் நம்பரு உங்களுது."

சார் லிஸ்டை மூடினார். "இது ரகசிய ஆவணம்," என்றார். பிறகு உத்தரவு எழுதினார்: 'மேற்படி 911 நபர்களும் தற்காலிகமாகச் சிதம்பரம் சென்றிருப்பதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருப்பதால், அன்னாரை நேரில் கண்டு கணக்கில் சேர்க்கும் பொருட்டு, திருமதி ஜோதி மேரி உடனடியாகச் சிதம்பரம் செல்லப் பணிக்கப்படுகிறார்.'

"கூட்டம் ஜாஸ்தியான ஊரு," என்று கொளஞ்சி தலையாட்டினார். "அங்க போயி யாரு எண்ணப் போறா?" அவரே டீச்சரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் விட்டார்.

டீச்சர் போய்ச் சேர்ந்தபோது மருமகன் ஒரு கட்டிலில் மயங்கிக் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் நித்யாவும் பெண் குழந்தையும் சுகம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் சார் போனில் வந்தார்.

"யாராவது கிடைச்சாங்களாம்மா?"

"ஒரு ஆளு கிடைச்சிருக்கு சார். ரெண்டே முக்கால் கிலோ."

"பேஷ். மீதி 910."

மறுநாள் காலை கொளஞ்சி தொட்டிலோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். பின்னாலேயே இளவரசு கொசுவலையோடு வந்தார். இருவர் கையிலும் உறுப்பினர் படிவம்.

"இன்னும் பேரே வைக்கலியேப்பா," என்றார் டீச்சர்.

"பெண் குழந்தைன்னு போட்டா போதும் டீச்சர். கையெழுத்து நீங்க போடுங்க," என்றார்கள் இருவரும்.

டீச்சர் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல தேக்குத் தொட்டில். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு வேறு பிள்ளையின் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டார்.

சார் மறுபடி கால்குலேட்டரைத் தட்டினார். ஜனத்தொகை 715. உறுப்பினர் 1627. ஒருவரைக் கண்டுபிடித்ததன் விளைவாகக் காணாமல் போனவர் எண்ணிக்கை 912 ஆக உயர்ந்தது எப்படி என்று விளக்கம் கேட்டு டீச்சருக்கு மெமோ வந்தது.