கழுதைப் படகின் வெள்ளோட்டம்

சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து மற்றவர்கள் போனபின் கார் கதவைத் திறந்த பாலசுப்ரமணியன் அப்படியே நின்றுவிட்டார். கால்வாய்க் கரையில் கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்த பழைய சரக்குப் படகின்மேல் ஸ்பிரிங்க்ளர் ஒன்று கேட்பாரில்லாமல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

சென்னையில் முப்பது வருடம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர் அவர். ஓடுகிற குழாயைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. போய் இறுக்கி மூடிவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்குப் போனார்.

கோவேறு கழுதைகள் கரையில் நடந்து இழுத்துப்போன காலத்துப் படகு அது. ஏழெட்டு வாலண்டியர்கள் ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கூடிப் பலகை பலகையாகப் புதுப்பித்திருந்தார்கள். அடுத்த வாரம் வெள்ளோட்டம். மிதந்துவிட்டால் படகு மியூசியத்துக்குப் போய்விடும், குழுவுக்கும் வேலை முடிந்தது.

மனைவி நாகலக்ஷ்மி பேரனைப் பார்த்துக்கொள்ள கலிஃபோர்னியா போனதிலிருந்து, பாலசுப்ரமணியனுக்கு வீட்டில் பேச்சுத் துணை டிவி மட்டும்தான். மூன்று மாதத்துக்கு முன் அவர் கையில் உளியைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டவர் குழுத் தலைவர் பசீர் அகமது, ரிட்டயரான கப்பல் இன்ஜினியர்.

புதன்கிழமை அவருக்கு போன் செய்தபோது பேச்சு எங்கெங்கோ போய்க் குழாயில் வந்து நின்றது.

"பாய், அந்த ஸ்பிரிங்க்ளர் எதுக்கு?"

"பலகை காயக்கூடாது சார். காஞ்சா சுருங்கி கேப் விழுந்துரும். ஊறி உப்பினாத்தான் உள்ள தண்ணி வராது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா. ஜெனரல் நாலெட்ஜ்."

பதறிப்போய் காரை எடுத்தார். நான்கு நாள் ஜூலை வெயில். படகுக்குள் குனிந்து பார்த்தால் பலகைகளுக்கு நடுவே வெளியே நிற்கும் மரங்கள் தெரிந்தன. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு டியூப் சிலிக்கான் பசை வாங்கிவந்து, இண்டு இடுக்கு விடாமல் அடைத்தார்.

வியாழக்கிழமை குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். மரம் உப்பியது. உப்புவதற்கு இருந்த இடத்தில்தான் சிலிக்கான் உட்கார்ந்திருக்கிறதே. வெள்ளிக்கிழமை ஒரு பலகை ஆணியோடு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பினார். அந்தப் பக்கம் இரண்டு வெளியே வந்தன. தட்டித் தட்டி, மேலே பெயின்ட் பூசி மறைத்தார். ஆறு வருட உழைப்பின்மேல் பெயின்ட் பூசும்போது அவருக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை கிரேன் வந்தது. பசீர் அகமது தொப்பி அணிந்து படகில் நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். படகு பதினோரு நிமிடம் மிதந்தது. பிறகு, அவசரமே படாமல், கால்வாயின் அடியில் உட்கார்ந்தது. பசீர் அகமது மட்டும் பெல்ட் வரைக்கும் தண்ணீரில், அதே தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார்.

கரையேறியவரிடம் பாலசுப்ரமணியன் போனார்.

"பாய், நான்தான் குழாயை மூடினேன். சிலிக்கானும் நான்தான் அடைச்சேன். உங்ககிட்ட மறைச்சேன். இனிமே நான் இந்தப் பக்கம் வரலை."

பசீர் அகமது அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சிலிக்கான் அடைச்சது தப்பு சார். அதை முழுசாச் சுரண்டி எடுக்கணும். பலகைங்களையும் மாத்தணும். ரெண்டு வருஷம் ஆகும். அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துருங்க."

ஈரப் பேன்ட்டோடு அவர் காரை நோக்கி நடந்தார். இத்தனை பெரிய மனசுக்கா துரோகம் செய்தோம் என்று பாலசுப்ரமணியன் குமைந்து நின்றார். கையில் டவலோடு பசீர் அகமதுவின் பின்னால் போன அவர் மனைவி முனவ்வரா திரும்பி வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"மனசப் போட்டு அலட்டிக்காதீங்கண்ணா. படகு போயிட்டா சனிக்கிழமைக்கு என்ன பண்றதுன்னு, செவ்வாய்க்கிழமை அந்தக் குழாய மூடத்தான் இவரு என்னை டிரைவ் பண்ணச் சொல்லி இங்க வந்தாரு. யாரோ முந்திக்கிட்டாங்கன்னு பாத்ததும், வீடு வரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தாரு."